வேலைக்குப் போனால்தான் டே கேர் மானியம்... டே கேர் இருந்தால்தான் வேலை! ஆஸ்திரேலியா என்ன மாற்றியது?

ஆஸ்திரேலியாவில் பி.ஆர். வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி பார்க்கும் நிலைமை இது. கணவருக்கு சிட்னியிலோ மெல்பர்னிலோ வேலை. மனைவியும் சென்னையிலோ கொழும்பிலோ நல்ல வேலையில் இருந்தவர்தான். இப்போது கையில் இரண்டு வயதுக் குழந்தை. பார்த்துக்கொள்ளப் பாட்டி, தாத்தா பக்கத்தில் இல்லை. இன்டர்வியூ நன்றாகப் போனால் கம்பெனி கேட்கும் கேள்வி: "அடுத்த திங்கள்கிழமை ஜாயின் பண்ண முடியுமா?"

முடியும், டே கேரில் குழந்தைக்கு இடம் இருந்தால். இடம் கிடைத்தாலும் ஒரு நாளைக்கு நூறு டாலரைத் தாண்டும் கட்டணத்தை அரசு மானியம் இல்லாமல் கட்டுவது பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த மானியம் எத்தனை மணி நேரத்துக்குக் கிடைக்கும் என்பதோ, அம்மாவும் அப்பாவும் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் அல்லது படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதாவது வேலை இருந்தால்தான் மானியம், மானியம் இருந்தால்தான் டே கேர், டே கேர் இருந்தால்தான் வேலை.

இந்தச் சுற்றுச் சிக்கலை 2026 ஜனவரி 5ஆம் தேதி ஆஸ்திரேலிய அரசு பெருமளவு தளர்த்தியிருக்கிறது. முழுசாக எடுத்துவிடவில்லை. யாருக்கு என்ன மாறியது, எங்கே இன்னும் மாட்டிக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

சதவீதம் வேறு, மணி நேரம் வேறு

ஆஸ்திரேலியாவில் இப்போதுள்ள குழந்தைகள் காப்பக மானியத் திட்டத்தின் பெயர் 'சைல்டு கேர் சப்சிடி'. 2018 ஜூலை 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பணம் பெற்றோர் கைக்கு வராது. அரசு நேரடியாக டே கேர் சென்டருக்குக் கொடுத்துவிடும். மீதியைப் பெற்றோர் கட்ட வேண்டும்.

இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, கட்டணத்தில் எத்தனை சதவீதம் அரசு தரும் என்பது. இதைக் குடும்ப வருமானம் தீர்மானிக்கும். 2025-26 நிதியாண்டில் ஆண்டு வருமானம் 85,279 டாலர் வரை உள்ள குடும்பத்துக்கு 90 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு 5,000 டாலருக்கும் ஒரு சதவீதம் குறையும். 5,35,279 டாலரைத் தொட்டால் மானியம் பூஜ்ஜியம்.

இரண்டாவது, அந்தச் சதவீதம் எத்தனை மணி நேரத்துக்குப் பொருந்தும் என்பது. இங்கேதான் வேலையும் படிப்பும் உள்ளே வருகின்றன. 90 சதவீதம் என்றதும் சந்தோஷப்படுபவர்கள் பலர் இந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை. 90 சதவீதம் என்பது எத்தனை மணி நேரத்துக்கு என்று தெரியாதவரை அந்த எண்ணால் பயன் இல்லை.

பழைய 'ஆக்டிவிட்டி டெஸ்ட்'

2026 ஜனவரிக்கு முன்பிருந்த விதி இது. எல்லாமே இரண்டு வாரக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் சம்பளம், அரசு உதவி எனப் பலதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதால் இதையும் அப்படியே வைத்தார்கள்.

இரண்டு வாரத்தில் 8 மணி நேரம் முதல் 16 வரை வேலையோ படிப்போ இருந்தால், 36 மணி நேரத்துக்கு மானியம். 16க்கு மேல் 48 வரை என்றால் 72 மணி நேரம். 48ஐத் தாண்டினால் 100 மணி நேரம். 8 மணி நேரம்கூட இல்லையா? வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மட்டும் 24 மணி நேரம். வருமான வரம்பைத் தாண்டிய குடும்பத்துக்கு, சில விதிவிலக்குகள் தவிர, ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

இதில் பலருக்கும் இடித்தது இன்னொரு விதி. பெற்றோர் இருவர் இருந்தால், யாருடைய மணி நேரம் குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்பா இரண்டு வாரத்தில் 80 மணி நேரம் உழைத்தாலும், அம்மா 10 மணி நேரம் பார்ட் டைம் போனால் கணக்கு 10தான். நடைமுறையில் இந்தக் குறைந்த எண் யாருடையதாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலை தேடுவதையும் அரசு ஒரு 'ஆக்டிவிட்டி' என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலை தேடுவது மட்டுமே கணக்கில் இருந்தால் அதிகபட்சம் 36 மணி நேரம்தான். வாலண்டியர் வேலைக்கும் அதே வரம்பு.

24 மணி நேரம் என்பது ஒரு நாளும் அல்ல

'இரண்டு வாரத்துக்கு 24 மணி நேரம்' என்று படிக்கும்போது தினமும் ரெண்டு, மூன்று மணி நேரம் விட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படி நடக்காது. ஆஸ்திரேலிய டே கேர் சென்டர்கள் கட்டணத்தை 'செஷன்' கணக்கில் போடுகின்றன. பெரும்பாலும் ஒரு செஷன் என்பது 10, 11, 12 மணி நேரம். குழந்தையைக் காலை 9 மணிக்கு விட்டு மதியம் 3 மணிக்குக் கூட்டி வந்தாலும் முழு செஷனுக்குத்தான் பில். மானிய மணி நேரமும் அந்த முழு செஷன் அளவுக்குக் கழிந்துவிடும். குறைந்த நேர செஷன் தரும் சென்டர்களும் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை.

ஆக, 24 மணி நேரம் என்பது நடைமுறையில் வாரத்துக்கு ஒரு நாள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வரும் குழந்தை அந்த இடத்துக்குப் பழகுவதற்குள் அழுது தீர்த்துவிடும். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு இல்லாமல் வேலை தருகிறேன் என்று எந்த கம்பெனியும் கூப்பிடாது.

பணக் கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 85,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீத மானியம். டே கேர் கட்டணம் 10 மணி நேர செஷனுக்கு 140 டாலர், அதாவது மணிக்கு 14 டாலர். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைக்கு டே கேர் சென்டரில் மானியத்துக்காக அரசு ஏற்கும் உச்ச வரம்பு 2025-26இல் மணிக்கு 14.63 டாலர் என்பதால் முழுத் தொகைக்கும் மானியம் பொருந்தும். வாரம் மூன்று நாள் விட்டால் இரண்டு வாரத்துக்கு 60 மணி நேரம், மொத்த பில் 840 டாலர்.

அம்மாவுக்கு வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. பழைய விதிப்படி 24 மணி நேரத்துக்கு மட்டும் மானியம். அந்த 24 மணி நேரத்துக்குக் குடும்பம் கட்டுவது 33.60 டாலர். மீதி 36 மணி நேரத்துக்கு முழுக் கட்டணம், 504 டாலர். மொத்தம் 537.60 டாலர்.

அதே குடும்பத்துக்கு இப்போது 60 மணி நேரமும் மானியத்துக்குள் வந்துவிடும். கட்ட வேண்டியது 84 டாலர்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 450 டாலருக்கு மேல் வித்தியாசம். இதே குடும்பத்தின் வருமானம் 90,000 என்றிருந்தால், பழைய விதியில் மானிய நேரமே கிடையாது, 840 டாலரும் கையிலிருந்துதான். (சதவீதக் கணக்கில் 5 சதவீதத்தை அரசு பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டு முடிவில்தான் நேர் செய்யும். அதனால் அந்தந்த வாரம் கட்டும் தொகை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.)

யார் மாற்றச் சொன்னது?

வேடிக்கை என்னவென்றால், 2018க்கு முன்பிருந்த பழைய திட்டம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருந்தது. தகுதியுள்ள எல்லாக் குடும்பத்துக்கும் வேலை, படிப்பு எதுவும் கேட்காமல் வாரத்துக்கு 24 மணி நேரம் வரை உதவி கிடைத்தது. 2018 சீர்திருத்தம் அதை இரண்டு வாரத்துக்கு 24 ஆக்கியது, அதுவும் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மட்டும். பெற்றோரை, குறிப்பாகத் தாய்மாரை, வேலைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்று அப்போதைய லிபரல்-நேஷனல் கூட்டணி அரசு சொன்னது. வரிப்பணம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனால் விளைவு வேறு மாதிரி இருந்தது. நிலையான ஆபீஸ் வேலை உள்ளவர்களுக்கு இந்த டெஸ்ட் ஒரு பொருட்டே இல்லை. ஃபார்மில் டிக் போட்டால் முடிந்தது. அடி வாங்கியவர்கள் 'கேஷுவல்' தொழிலாளர்கள். முதியோர் இல்லம், சூப்பர் மார்க்கெட், கிளீனிங் போன்ற வேலைகளில் இந்த வாரம் 20 மணி நேரம் ஷிஃப்ட், அடுத்த வாரம் 5 என்று மாறும். டே கேரில் நாளை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. புக் செய்த நாளுக்கு, குழந்தை வராவிட்டாலும், பொதுவாகக் கட்டணம் உண்டு. வேலை குறைந்தால் அதை அரசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். தெரியப்படுத்தாமல் விட்டால் கூடுதலாக வாங்கிய மானியம் கடனாகத் திரும்பி வரும்.

'சென்டர்லிங்க் கடன்' என்றாலே ஆஸ்திரேலியாவில் ஒரு பயம் உண்டு. உதவித்தொகை வாங்கியவர்கள் மீது கம்ப்யூட்டர் கணக்கு வைத்துத் தவறாகக் கடன் சுமத்திய 'ரோபோடெட்' விவகாரத்தை ராயல் கமிஷன் விசாரித்து 2023 ஜூலையில்தான் அறிக்கை கொடுத்தது. அந்த நினைவு இருக்கிற ஊரில், மணி நேரத்தை உத்தேசமாக எழுதிக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்?

2022இல் 'இம்பாக்ட் எகனாமிக்ஸ் அண்ட் பாலிசி' என்ற ஆய்வு நிறுவனம், இந்த டெஸ்டால் மிக ஏழ்மையான குடும்பங்களைச் சேர்ந்த 1,26,000 குழந்தைகளாவது பாதிக்கப்படுவதாக மதிப்பிட்டது. 2024 ஜனவரியில் வெளியான போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் அறிக்கையும் இந்த டெஸ்டை நீக்குவது அல்லது தளர்த்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான புரொடக்டிவிட்டி கமிஷன் அறிக்கை இன்னும் நேரடியாகச் சொன்னது: டெஸ்டை எடுத்துவிடுங்கள், எல்லாக் குழந்தைக்கும் வாரம் மூன்று நாள் கிடைக்கட்டும். டே கேரால் அதிகம் பயன்பெறக்கூடிய பின்தங்கிய குடும்பக் குழந்தைகள்தான் அங்கே குறைவாக வருகிறார்கள் என்பது அந்த அறிக்கையின் முக்கியக் கவலை.

இந்த விவாதத்தில் பார்வை மாறிய இடம் அதுதான். அதுவரை டே கேர் என்பது பெற்றோர் வேலைக்குப் போவதற்கான வசதி. அப்படிப் பார்த்தால் வேலைக்குப் போகாதவருக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமாகப்படும். டே கேரைக் குழந்தையின் முதல் வகுப்பறையாகப் பார்த்தால், அம்மாவுக்கு ஷிஃப்ட் கிடைக்காத வாரத்தில் குழந்தையின் வகுப்பை ஏன் வெட்ட வேண்டும் என்று கேள்வியே மாறிவிடுகிறது.

2024 டிசம்பரில் பிரதமர் அந்தோணி அல்பனீஸ் 'த்ரீ டே கேரண்டி'யை அறிவித்தார். 2025 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது.

இப்போது என்ன விதி?

மானியத்துக்குத் தகுதியுள்ள எல்லாக் குடும்பத்துக்கும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், படித்தாலும் படிக்காவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு 72 மணி நேரம். 12 மணி நேர செஷன் என்றால் சரியாக வாரம் மூன்று நாள். 10 மணி நேர செஷன் உள்ள சென்டர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஏழு நாள் வரை வரும்.

கவனிக்க வேண்டியது, சதவீதக் கணக்கு மாறவில்லை. உதாரணமாக, ஒருவர் மட்டும் சம்பாதித்து ஆண்டுக்கு 1,60,000 டாலர் வருமானம் உள்ள குடும்பத்துக்குச் சுமார் 75 சதவீத மானியம். முன்பு மனைவி வேலையில் இல்லையென்றால் அந்த 75 சதவீதம் வெறும் காகித எண். இப்போது அது 72 மணி நேரத்துக்குப் பொருந்தும்.

சரி, வாரம் ஐந்து நாளும் வேண்டுமென்றால்? அங்கே பழைய டெஸ்ட் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 100 மணி நேரம் வேண்டுமானால் பெற்றோர் இருவருமே இரண்டு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை, படிப்பு போன்றவற்றில் இருக்க வேண்டும், அல்லது உடல்நிலை போன்ற காரணங்களுக்கான விதிவிலக்கு இருக்க வேண்டும். அபாரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவுக் குழந்தைகளுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லாமலே 100 மணி நேரம்.

இந்த 48ஐத் தாண்டுவதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு வேலை நாள் என்பது வழக்கமாக 7.6 மணி நேரம். வாரம் மூன்று நாள் போனால் இரண்டு வாரத்தில் 45.6. இரண்டரை மணி நேரத்தில் கோட்டை விடுகிற மாதிரி தோன்றும். ஆனால் டே கேருக்கும் வேலை பார்க்கும் இடத்துக்கும் இடையிலான நியாயமான பயண நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலே ஆறு நாளுக்கு மூன்று மணி நேரம். 48.6 ஆகிவிட்டது. டூங்காபியிலிருந்து சிட்னி சிட்டிக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு அரை மணி நேரம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை!

படிப்பவர்களுக்கு

படிப்பு, வேலை இரண்டுக்கும் ஒரே தராசுதான். அங்கீகரிக்கப்பட்ட படிப்பு அல்லது வேலைத்திறன் பயிற்சியாக இருந்தால் அதன் மணி நேரமும் எண்ணப்படும். இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் 30 மணி நேரம் வேலை, 20 மணி நேரம் படிப்பு என்றால் 50, வரம்பைத் தாண்டியாச்சு. சொந்தத் தொழில், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை, மகப்பேறு விடுப்பு ஆகியவையும் கணக்கில் வரும். வீட்டில் இருந்தபடி இன்னொரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

படிப்பை இப்படிச் சமமாக வைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் 2025 செப்டம்பர் முதல், 9 மாதக் குழந்தை தொடங்கி பள்ளி வயது வரை வாரம் 30 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம் இலவசப் பராமரிப்பு உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு பெற்றோரும் குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரத்துக்குச் சமமான தொகையைச் சம்பாதிக்க வேண்டும். படிப்பு மட்டும் போதாது. முழுநேரமும் படிக்கிற அம்மாவுக்குத் தனியாக வேறு உதவித்தொகைதான். யார் 'உழைக்கிறார்' என்பதற்கு ஒவ்வொரு அரசும் ஒரு வரையறை வைத்திருக்கிறது.

மணி நேரம் கிடைத்தது, சீட்?

புதிய விதிக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது இதுதான்: ஏற்கெனவே இடம் இல்லாத டே கேர்களில் இன்னும் கூட்டம் சேர்ந்தால், வேலைக்குப் போயே ஆக வேண்டியவரின் குழந்தைக்கு இடம் கிடைக்காமல் போகலாம். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் மிட்செல் இன்ஸ்டிட்யூட் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆஸ்திரேலியர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் 'சைல்டு கேர் பாலைவன'த்தில் வாழ்கிறார்கள். அதாவது ஒரு சீட்டுக்கு மூன்று குழந்தைகளுக்கு மேல் போட்டி போடும் பகுதிகள். புதிய சென்டர்கள் கட்ட 100 கோடி டாலர் நிதியையும் அரசு அறிவித்திருக்கிறது என்றாலும், கட்டடம் எழும்பி, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வருவதற்குள் இன்றைய இரண்டு வயதுக் குழந்தை ஸ்கூலுக்கே போய்விடும். நகரத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட் உள்ள இடங்கள் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதே பேர் பதிந்துவைக்கிற பெற்றோரும் உண்டு.

விசா இல்லையென்றால் எதுவும் இல்லை

இவ்வளவு நேரம் பேசிய 72 மணி, 100 மணி எல்லாம் 'மானியத்துக்குத் தகுதியுள்ள' குடும்பத்துக்கு. அந்தத் தகுதிக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு அல்லது குறிப்பிட்ட சில தற்காலிக விசாக்கள் வேண்டும். கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும், ஆஸ்திரேலிய அரசின் நேரடி நிதி உதவியில் படிப்பவர்களைத் தவிர, கிடையாது. பிரிட்ஜிங் விசாவில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இலங்கைத் தமிழ் அகதிக் கோரிக்கையாளர்களுக்கும் இல்லை. இருவரும் முழுநேரமும் உழைத்து வரி கட்டினாலும், மாஸ்டர்ஸ் படித்தாலும், இவர்களுக்கு மணி நேரக் கணக்கே தொடங்குவதில்லை. 140 டாலர் என்றால் 140 டாலர்தான்.

அதனால்தான் இந்தக் குடும்பங்களில் பலருடைய 'டே கேர் திட்டம்' திருச்சியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விசிட்டர் விசாவில் வரும் அம்மாவாகவோ மாமியாராகவோ இருக்கிறது. ஒருவர் திரும்பும்போது அடுத்தவர் வருகிற மாதிரி டிக்கெட் போட வேண்டியிருக்கும்.

பி.ஆர். கிடைத்ததும் செய்ய வேண்டியது, மைகவ் கணக்கு வழியாக சென்டர்லிங்கில் மானியத்துக்கு விண்ணப்பிப்பது. முன் தேதியிட்டு அதிகபட்சம் 28 நாளுக்குத்தான் பணம் தருவார்கள் என்பதால் டே கேரில் சேர்த்துவிட்டு மெதுவாக அப்ளை பண்ணலாம் என்று இருக்க வேண்டாம். ஏற்கெனவே மானியம் வாங்குபவர்கள் 72 மணி நேரத்துக்குத் தனியாக எதுவும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 100 மணி நேரம் வாங்குபவர்கள் மட்டும், இருவரில் யாருடைய வேலை நேரமாவது 48க்குக் கீழே இறங்கினால் உடனே அதை அப்டேட் செய்துவிட வேண்டும்.